தாய்மர எண் தொலையும் இடம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக்காடுகளின் சந்தன விதைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது மென்பொருள் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. விதை எந்த மரத்தில் பறித்தது என்று காட்டும் தாய்மர எண் தொலைவது தண்ணீர்த் தொட்டியடியில்தான்.

பறித்த பழத்தைத் தண்ணீரில் தேய்த்துச் சதையை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். பழச்சாறு பட்டதும் எண் எழுதிய சீட்டில் பேனா மை கரைந்துவிடுகிறது. கூடையிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து பைக்கும் விதை மாறும்போது சீட்டு பின்தங்கிவிடுகிறது. அதோடு அந்த மரத்தைப் பற்றிக் கணினியில் உள்ள தகவலுக்கும் பையில் உள்ள விதைக்கும் தொடர்பு அறுந்தது. எண் குத்திய அலுமினியத் தகட்டைப் பழத்தோடேயே போட்டு, கழுவும்போதும் காயும்போதும் கூடவே விடுவதுதான் தப்பாத வழி. காகிதம்தான் இருக்கிறதென்றால் பென்சிலால் எழுதுங்கள்.

ஒரு கிலோவில் சுமார் 6,000 சந்தன விதைகள் இருக்கும். நன்றாகக் காய்த்த ஓரிரு மரங்களே ஒரு நாற்றங்காலை நிரப்பிவிடும். பாத்தி நிறையக் கன்று நின்றாலும் அத்தனைக்கும் தாய் ஒன்றாகவே இருந்து, மரபு வேறுபாடு குறைந்துபோகலாம். அதனால் 30 மரங்களிலிருந்து தலா 200 கிராம், மொத்தம் 6 கிலோ என்று சம அளவில் எடுப்பது நல்லது. மரத்துக்கு மரம் 100 மீட்டராவது இடைவெளி வேண்டும். சந்தனம் வேரிலிருந்தும் துளிர்க்கும் மரம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நான்கும் ஒரே மரத்தின் வேர்க்கன்றுகளாக இருந்துவிடலாம். இந்த இடைவெளியைக் கணினியே கணக்கிட்டு எச்சரிக்கும்படி அமைத்துவிட வேண்டும்.

அதற்கு ஆயத்தொலைவு சரியாக இருக்க வேண்டுமே. இரண்டு மாவட்டத்துக்கும் அட்சரேகை 11.7 முதல் 13 வரை, தீர்க்கரேகை 77.4 முதல் 78.7 வரை என்று வரம்பு கட்டிவிட்டால் போதும், இரண்டு எண்ணையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி எழுதியது உடனே சிக்கும். வரம்பு இல்லாவிட்டால் பென்னாகரத்து மரம் வட துருவத்துப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிப் போய் நிற்கும். பழைய நில வரைபடத்திலிருந்து எடுத்த புள்ளிகளில் வேறொரு சிக்கல். அவை ஜிபிஎஸ்ஸுக்கு முந்தைய இந்திய நில அளவையின் ஆதாரமான எவரெஸ்ட் அளவையில் இருப்பவை. மாற்றாமல் ஜிபிஎஸ் புள்ளிகளோடு கலந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். 100 மீட்டர் விதியே அங்கே அர்த்தமிழந்துவிடும்.

சந்தனத்தோடு மற்ற மரங்களையும் பதியும்போது பெயரிலும் கவனம் தேவை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. 'நல்ல மத்தி' என்று குறிப்பில் இருந்தால் அது நல்ல மரம் என்ற பொருளில் அல்ல. தெலுங்கில் 'நல்ல' என்றால் கருப்பு, 'மத்தி' என்றால் மருது; அது கருமருது. 'தெல்ல மத்தி' ஆற்றங்கரை நீர்மருது. வெறும் 'மருது' என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். சொன்னவர் வாயில் வந்த பெயர், அது எந்த மொழி, அறிவியல் பெயர் என மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

காட்டு மரங்களின் மரபு வளத்தைப் பதியும் ஐரோப்பாவின் யூஃப்ஜிஸ் (EUFGIS) தகவல் அமைப்பில் ஒரு காட்டுப்பகுதியை மரபு வளப் பாதுகாப்பு அலகாகச் சேர்க்க, இனத்துக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப 500, 50 அல்லது 15 இனப்பெருக்க மரங்களாவது இருக்க வேண்டும். நம் பதிவேடுகளில் பெரும்பாலும் சுற்றளவு இருக்கும், காய்த்ததா என்ற கட்டம் இருக்காது. அந்த ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்குச் செலவே இல்லை.

சந்தனத்தின் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் பொதுப் பார்வைக்கு வைக்கவே கூடாது. அது கடத்துபவருக்கு வழிகாட்டும். வெளியே தரும் நகலில் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் போதும், சுமார் 11 கிலோமீட்டருக்குள் எங்கோ என்றுதான் தெரியும். ஆறு இலக்கமும் உள்ள மூலம் பொறுப்பாளர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.