மூன்று காபி, இரண்டு வடை

ஜூன் 2
மூன்று காபி 90. இரண்டு மெதுவடை 50. ஆக 140. வரி 7. கொடுத்தது 147. ரசீதைப் பர்சில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 3
டாக்டர் அப்பாவிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். "தொண்ணூற்று மூன்று" என்றார் அப்பா. வாய் கோணினாலும் சொல் தெளிவாகத்தான் வந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். எண்பத்தாறு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தங்கசாலைப் பக்கத்துக் காபி கிளப்பில் முப்பத்தொரு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர். எட்டுப் பேர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் தொகையைச் சொல்லிவிடுவார். சர்வர் உள்ளிருந்து கத்துவதைக் காதில் வாங்கினால் போதும், காகிதம் வேண்டாம். தொண்ணூற்று மூன்றில் நிற்கிற ஆள் இல்லை அவர்.

ஜூன் 4
தூக்கம் இல்லை.

ஜூன் 5
நேற்று இரவு முழுவதும் அந்த ரசீதுதான். 147 ரூபாயில் வரி எவ்வளவு என்று தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். வரி 5 சதவீதம்தானே? 147-க்கு 5 சதவீதம் 7.35. கழித்தால் 139.65. விலை 140 அல்லவா? 35 பைசா எங்கே போனது?

வராந்தாவில் பாயில் படுத்தபடி செல்பேசியில் நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் 139.65. 35 பைசாவுக்கு இன்று எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது. 25 பைசா நாணயத்தையே 2011-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் காணாமல் போன ஒன்றைக் காணவில்லை என்று தெரிந்துகொண்டே எப்படிப் படுப்பது? அப்பா கல்லாவை மூடும்போது நாலணா குறைந்தால்கூட வீட்டுக்கு வரமாட்டார். சோறு ஆறிக் கிடக்கும். அம்மா திட்டிக்கொண்டே மறுபடி சுடவைப்பாள்.

ஜூன் 6
இன்றும் 147. ஸ்கேன் எடுக்க இரண்டு மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் காக்க வைத்தார்கள். மேலே போர்த்தத் துணி கேட்டேன், இல்லை என்றார்கள். என் துப்பட்டாவைப் போர்த்திவிட்டேன்.

ஜூன் 8
மூன்று காபியில் ஒன்று எனக்கு, ஒன்று இரவு ஆயாவுக்கு, ஒன்று பக்கத்துப் படுக்கை அக்காவுக்கு. அக்கா காசிமேடு. புருஷனுக்கு இரண்டாவது முறையாக வாதம். இரண்டு மகன்களும் விசைப்படகில் போகிறவர்கள். தடைக்காலம் ஜூன் 14 வரை, வீட்டில் வருமானம் இல்லை. காபி வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். "படகு போகட்டும், நான் வாங்கித் தருகிறேன் தங்கச்சி" என்கிறார். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அவர் இருப்பதால்தான் நான் தேரடிக்கு மெட்ரோவில் போய்க் குளித்துவிட்டு வர முடிகிறது.

ஜூன் 9
93.

ஜூன் 10
வீட்டில் துணி எடுக்கும்போது திடீரென்று நினைவு வந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அப்பா கடுகடுவென்று இருந்தார். ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி இருந்தால் 18. வாடிக்கையாளர்கள் ரசீதைக் காட்டிச் சண்டை போட்டார்கள். நவம்பர் 15 முதல் இரண்டையும் 5 ஆக்கினார்கள். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "மாவுக்கு வந்துவிட்டது!"

இட்லி மாவு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அவருடைய தாத்தா கற்றுக்கொடுத்த வாய்பாடு அது. இருபதில் ஒன்று மா. நாற்பதில் ஒன்று அரைமா. எண்பதில் ஒன்று காணி. 5 சதவீதம் என்பது அச்சாக ஒரு மா. ரசீதில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் போடுகிறார்களே, அது அரைமாவும் அரைமாவும். "டெல்லிக்கு அரைமா, கோட்டைக்கு அரைமா" என்பார். மிஷின் அச்சடித்து வரும் முன்பே சொல்லிவிடுவார்.

எட்டு வருடமாக இதை எங்கே வைத்திருந்தேன்?

ஜூன் 12
கேட்டுவிட்டேன்.

மதியம் வார்டு அடங்கியிருந்தது. மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கி முடிந்ததும் காதருகே குனிந்து, கல்லா முன் நின்று சர்வர் சொல்வதைப்போலச் சொன்னேன். "மூன்று காபி, இரண்டு மெதுவடை. காபி முப்பது, வடை இருபத்தைந்து."

இடது கைக் கட்டைவிரல் அசைந்தது. சுண்டுவிரலின் அடிக்கணுவிலிருந்து ஒவ்வொரு கணுவாக ஏறியது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது, பேச வரவில்லை. வெகுநேரம் கழித்து "நூற்று நாற்பது" என்றார்.

"மா?"

"ஏழு." இதற்கு நேரமே எடுக்கவில்லை.

அழுதுகொண்டே அந்த 35 பைசாவையும் சொன்னேன். 147-இலிருந்து வரியைக் கழித்தால் ஏன் 140 வருவதில்லை அப்பா? கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அக்கா என் தோளைத் தொட்டு அவரைக் காட்டினார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இருபத்தொன்று."

படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. விலை இருபது பங்கு. அதன் மேல் வரி ஒரு பங்கு. 147-க்குள் இருப்பது இருபத்தொரு பங்கு. அதை 21-ஆல் வகுத்தால் 7. நான் விலையோடு வரிக்கும் சேர்த்து வரி எடுத்திருக்கிறேன். ஏழு ரூபாய்க்கு ஒரு மா, 35 பைசா.

எதுவும் காணாமல் போகவில்லை.

ஜூன் 13
டாக்டரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி நூறிலிருந்து ஏழு கேட்டார். 93, 86. அங்கே நின்றுவிட்டார். யாரும் நூறு ரூபாயிலிருந்து ஏழு ஏழாகச் செலவு செய்வதில்லையே.

ஜூன் 15
நள்ளிரவில் படகுகள் போய்விட்டன. அக்கா ஜன்னலோரம் நின்று கும்பிட்டார். அங்கிருந்து கடல் தெரியாது.

ஜூன் 17
இன்று நான்கு காபி, வடை இல்லை. 120. டெல்லிக்கு 3, கோட்டைக்கு 3. 126. அப்பாவுக்கும் ஆறவைத்துக் கரண்டியில் ஒரு வாய் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரை போடலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.