ஃபார்மலினில் விழுந்த நேரம்

நாகர்கோவிலில் நான் பணிபுரியும் திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் மார்பகக் கட்டிகளில் ஹெர்-2 ஏற்பியைத் தேடுவதுதான் என் முக்கிய வேலை. செல்லின் மேற்பரப்பில் இருந்து அதை வளரச் சொல்லித் தூண்டும் புரதம் இது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதத்தில் இது அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அத்தகைய நோயாளிகளுக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் பெரிய வரம். அந்த மருந்தே ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். ஏற்பியில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடிக்கிறது. பரிசோதனைக்கு நாங்கள் பயன்படுத்தும் 4பி5 என்ற ஆன்டிபாடியோ அதே ஏற்பியின் உட்பகுதியைப் பிடிக்கும்.

மெல்லிதாகச் சீவிய திசுவைச் சூடாக்கி ஆன்டிபாடியை இட்டு நிறமேற்றினால், ஏற்பி உள்ள இடம் பழுப்பாகும். புற்றுச் செல்களில் 10 சதவீதத்துக்கு மேல், விளிம்பு முழுக்கக் கோழிவலைபோல் அடர்ந்து தெரிந்தால் 3+, அதாவது ஏற்பி மிகுதி. அரைகுறையாகத் தெரியும் 2+ தான் வேதனை; மிகுதி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கு அதை வெளியூர் அனுப்புகிறோம். அதுவரை அந்தக் குடும்பம் காத்திருக்கிறது.

முடிவு தெளிவில்லை என்றால் பலரும் ஆன்டிபாடியைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் சிக்கல் பெரும்பாலும் அறுவை அரங்கிலேயே தொடங்கிவிடுகிறது. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்துக்குள் போக வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். மார்த்தாண்டம் பக்கமிருந்தும் குளச்சல் பக்கமிருந்தும் வரும் டப்பாக்களில், முழு மார்பகத்தையும் கீறாமல் அப்படியே திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். ஓரம் பதப்பட்டிருக்க, நடுவிலுள்ள கட்டி கெடத் தொடங்கியிருக்கும். அங்கே ஆன்டிபாடி பிடிக்கவில்லை என்றால் ஏற்பி இல்லை என்று எப்படி எழுதுவது? தவறாக எழுதினால் ஒரு பெண்ணுக்கு உயிர்காக்கும் மருந்து கிடைக்காமல் போகும். இல்லாததை இருப்பதாக எழுதினாலும் கொடுமைதான்: ஓராண்டுச் செலவு, இதயத்துக்கும் ஆபத்து.

அதனால் சீட்டில் நேரம் எழுதாமல் வரும் ஒவ்வொரு டப்பாவுக்கும் தொலைபேசியை எடுக்கிறேன்.

"சிஸ்டர், திசுவை எடுத்தது எத்தனை மணிக்கு?"

"மத்தியானம் இருக்கும், அண்ணா."

"மணி வேண்டும் சிஸ்டர். அரங்கக் குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்."

முதலில் சலித்துக்கொண்டவர்கள் இப்போது கட்டியைக் கீறி, திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றி, எடுத்த நேரம், இட்ட நேரம் இரண்டையும் எழுதி அனுப்புகிறார்கள். எல்லா இடங்களிலிருந்தும் இன்னும் அப்படி வருவதில்லை. வராதவர்களிடம் நாளையும் கேட்பேன்.