பரிசலில் ஏறிய ரைன்காரன்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். வந்த அன்றைக்கே போனை நீட்டி, ரைன் நதியில் கப்பலில் போன கதையை ஆரம்பித்துவிட்டான். கோப்லென்ஸுக்கும் பிங்கனுக்கும் நடுவே சுமார் 65 கிலோமீட்டர், கரை நெடுகக் கோட்டைகள், செங்குத்துச் சரிவிலெல்லாம் திராட்சைத் தோட்டம், இறங்குகிற ஊரிலெல்லாம் ஒரு வாய் வைன், ஒரு மியூசியம். அதுவரை உம் கொட்டிக்கொண்டிருந்த நான், ஷ்பையர் மியூசியத்து வைன் பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரோமானியர் கல்லறையில் 1867இல் கிடைத்ததாம், வயது ஏறத்தாழ 1,700, இன்னும் திறக்கவே இல்லை!

சரி, நம்ம ஆற்றையும் பார்க்கட்டும் என்று மறுநாள் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் கூட்டிப்போனேன். பரிசலைப் பார்த்ததும் ஆள் கொஞ்சம் வெளுத்துவிட்டான். மூங்கிலில் பின்னிய வட்டக் கூடைதானே, முன்பெல்லாம் அடியில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக்கும் தாரும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்கிற இடத்தில் பரிசல்காரர் துடுப்பை ஒரு திருப்புத் திருப்பி எங்களைப் பம்பரமாகச் சுற்றவிட்டார். ரைன் கப்பலில் இது கிடையாது என்று அவனே ஒத்துக்கொண்டான். கரையேறி, சுடச்சுட வறுத்த மீன் தின்றோம்.

“எல்லாம் சரி மாமா, வைன்?”

பதில் சொல்லாமல் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நடுகற்கள்தான் விசேஷம். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் வில்லும் வாளுமாகக் கல்லில் நிற்கிறான், பக்கத்தில் நாலு வரி வட்டெழுத்து. இந்தத் தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்களே, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. அவன் ஒரு கல்லின் அடியில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

கள்ளுக்கு இங்கே தடை. பெங்களூரு விமானத்துக்குப் போகிற வழியில், கிருஷ்ணகிரியில் ஒரு பாட்டில் மாம்பழச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஓசூர் தாண்டுவதற்குள் காலி.