அலர்ஜிக்கு இலை கேட்டு வருகிறவர்களுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். "தங்கச்சி, அந்த மாத்திரை போட்டா தூக்கமா வருது, இந்தத் தும்மலுக்கு இலை, வேர் ஏதாவது இருந்தா சொல்லும்மா" என்ற கேள்வி வாரம் தவறாமல் வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள், வீட்டு வாசலில் துளசியும் கற்பூரவள்ளியும் வளர்ப்பவர்கள். கவுண்டரில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தூசியோ மகரந்தமோ ஒத்துக்கொள்ளாதவர்களின் உடம்பில், ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் மாஸ்ட் செல் எனப்படும் அணுக்களின் மேல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். தூசி மூக்கில் பட்டதும் அந்த அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும். உடனே தும்மல், கண் அரிப்பு, மூக்கில் நீர், சிலருக்குக் காணாக்கடி மாதிரித் தடிப்பு. இது முதல் கட்டம். சில மணி நேரம் கழித்து வேறு அணுக்களும் வந்து சேர்ந்து அந்த இடமே வீங்கிப்போகும், அதுதான் அழற்சி. மூக்கடைப்பு நாள்கணக்கில் விடாமல் இருப்பது இதனால்தான். மூலிகைகளில் சில முதல் கட்டத்தில் வேலை செய்யும், சில இரண்டாவதில். "அலர்ஜிக்கு நல்லது" என்று பொதுவாகச் சொன்னால் அதில் எதுவும் தெரியாது.

நம் ஊர் ஈரக் காற்றில் முதல் குற்றவாளி மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி. செம்பனை மகரந்தமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. 1981-ல் கேமரூனிலிருந்து மகரந்தம் சேர்க்கும் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, மகரந்தத்தை டால்க் மாவோடு கலந்து பாளையில் ஊதிவிடுவது இங்கே பல தோட்டங்களில் மனிதர்கள் செய்த வேலை. என் அம்மா செய்திருக்கிறார். முகத்தைச் சுற்றிக் கட்டிய துணியைச் சாயங்காலம் உதறினால் மஞ்சளாகத் தூள் கொட்டும், சோம்பு வாசனை அடிக்கும் என்பார். முகமூடி தருவதைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் பேசவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சரி, செடிகளுக்கு வருவோம். அலர்ஜி மருந்துகளில் ஒரு முக்கியமான வகையே செடியிலிருந்து பிறந்ததுதான். எகிப்துப் பக்கம் அம்மி விஸ்நாகா என்று கேரட் குடும்பத்துச் செடி ஒன்று உண்டு, அதிலிருந்து எடுக்கும் கெல்லின் என்ற பொருளை ஆஸ்துமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆனால் குமட்டல் அதிகம். ரோஜர் அல்தூனியன் என்ற மருத்துவர், அவரே ஆஸ்துமாக்காரர், கினிப்பன்றி முடியின் துகளை வேண்டுமென்றே சுவாசித்துத் தனக்கு மூச்சுத்திணறலை வரவழைத்து, கெல்லினின் அமைப்பை மாற்றிச் செய்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தன் மேலேயே சோதித்தார். 1965-ல் கிடைத்ததுதான் குரோமோகிளைகேட். மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டாமல் தடுக்கும் மருந்து. கண் அரிப்புக்குச் சொட்டு மருந்தாக இன்றும் விற்கிறது. நம் ஆடாதொடையும் அப்படித்தான், அதில் உள்ள வாசிசினை வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின் உருவானது. ஆக, பாட்டி வைத்தியத்தை நான் கேலி செய்கிறவள் இல்லை. இலையில் மருந்து இருக்கிறது, அதை முழுசாக நம்புகிறேன். நம்புவதால்தான் எவ்வளவு, யாருக்கு, எதோடு சேர்த்து என்று கேட்கிறேன்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள குர்குமின், அழற்சியைத் தூண்டும் என்.எஃப்.கப்பா-பி என்ற விசையை அடக்குவது சோதனைக்கூடத்தில் பலமுறை தெரிந்த விஷயம். ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் 2 முதல் 5 சதவீதம்தான், ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் வரும், அதிலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே போய்விடும். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்றில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரப் பொருள், சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது. நம் ரசத்தில் இரண்டும் இருக்கிறதே என்று சந்தோஷப்படலாம்தான், ஆனால் 2 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் இருபது கரண்டி மஞ்சள் போட வேண்டும். அந்த அளவை மாத்திரைக்குள் அடைத்து மிளகுச் சத்தும் சேர்த்து விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம்.

வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினும் இதே கதை. கண்ணாடிக் குழாயில் மாஸ்ட் செல்லை அழகாக அடக்கும், சாப்பிட்டால் உடம்பில் சேர்வது கொஞ்சம்.

நிலவேம்பு, மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள். அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு அழற்சியை அடக்கும் நல்ல பொருள். ஆனால் அதே செடி கலந்த மருந்துகளால் சிலருக்குக் கடுமையான அலர்ஜி வருவதாக 2015-ல் ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. அலர்ஜி உடம்புக்காரர்கள் எந்தப் புது மூலிகையையும் முதல் தடவையே ஒரு டம்ளர் குடித்துவிடக் கூடாது.

குப்பைமேனியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிப்புக்கு அரைத்துப் பூசுவது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வழக்கம். சிலர் கீரையாகச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி, அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீர் கறுத்துப்போகும், இலங்கையில் பிள்ளைகள் இதனால் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். இங்கே குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்த்துவிடுகிறார்கள், ஆனால் லயத்திலேயே பிறந்த பெரியவர்களில் பலருக்குத் தங்களுக்கு அது இருக்கிறதா என்றே தெரியாது. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரவுச் சந்தையில் விற்கும் பாட்டில்கள். உரம் போடும் வேலை செய்த ஓர் அக்கா, முழங்கால் வலிக்கு 'முழுக்க மூலிகை' என்று எழுதிய கறுப்பு மாத்திரையைக் காட்டி இதே மாதிரி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். வலி ஒரே நாளில் பறந்துவிட்டதாம், பசி நன்றாக எடுக்கிறதாம். கன்னம் இரண்டும் உப்பி, கையில் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. எந்த இலையும் அப்படிச் செய்யாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து மூலிகை என்று விற்பதை நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுகிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதைவிட மோசம், மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அக்காவிடம் 'தூக்கிப் போடுங்க' என்று சொல்லாமல், பாட்டிலோடு அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் கடைசி எழுத்து 'டி'. அந்த எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டால் அதே பெயர் வர வேண்டும், பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எதைத் தொடுவதற்கு முன்னாலும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தூக்கம் வருகிறது என்று சொல்லும் அந்த மஞ்சள் நிற அலர்ஜி மாத்திரை பழைய வகை. லோராடடின் மாதிரிப் புது வகையில் அவ்வளவு தூக்கம் வராது, விலையும் அதிகமில்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கற்பூரவள்ளி ஆவி பிடிப்பதை அதற்காக நிறுத்த வேண்டாம், மூக்குக்கு இதமாகத்தான் இருக்கும், கொதிக்கும் பானையைக் குழந்தைகள் பக்கம் வைக்காமலிருந்தால் சரி. உதடோ நாக்கோ வீங்கி மூச்சு இழுக்கிறது என்றால் மட்டும் கஷாயம் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள்.