திறந்தவெளி அரங்கின் உயிர் படியில் இருக்கிறது

பெங்களூருவுக்கு நாடகம் பார்க்க வருபவர்கள் பலரும் ஜே.சி. ரோட்டில் உள்ள ரவீந்திர கலாக்ஷேத்ராவோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். கன்னட நாடகாசிரியர் சம்ஸரின் பெயர் தாங்கிய சம்ஸ பயலு ரங்கமந்திரா என்ற திறந்தவெளி அரங்கு அங்கேதான் இருக்கிறது. டவுன்ஹாலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். தங்கள் பேட்டையிலும் இப்படி ஒன்று கட்ட ஆசைப்படும் அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழர்கள் முதலில் இங்கே ஒரு நிகழ்ச்சி முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உட்காருவதுதான் விஷயமே. மேடைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் படியில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். படியின் உயரம் 40 முதல் 45 செ.மீ., அகலம் குறைந்தது 80 செ.மீ. வேண்டும். முன்பாதியில் ஒருவர் உட்காருவார், பின்பாதியில் மேல்படிக்காரரின் கால் இருக்கும். செலவை மிச்சப்படுத்த அகலத்தை 60 ஆக்கினால் முழங்கால் முன்னவர் முதுகில் இடிக்கும். அரைமணி நேரத்தில் கூட்டம் எழுந்துபோய் ஓரமாக நின்றுகொள்ளும். ஏறி இறங்கும் வழியில் ஒவ்வொரு படியையும் 13 முதல் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று சிறு படிகளாகப் பிரித்து, கைப்பிடிக் கம்பியும் போட வேண்டும். பாட்டி ஏற முடியாத இடத்துக்குக் குடும்பமாக யாரும் வரமாட்டார்கள். சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவுப் பாதையும் (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) கட்டாயம்.

கல்லுக்குப் பெங்களூருவில் பஞ்சமில்லை, சாதரஹள்ளிக் கல்லே போதும். ஆனால் பாலிஷ் போடக் கூடாது, மழையில் வழுக்கும். ஒவ்வொரு படியும் முன்பக்கம் 1 செ.மீ. சரிந்திருக்க வேண்டும். சமமாக விட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அத்தனை படிகளின் தண்ணீரும் கீழேதான் வந்து சேரும் என்பதால், முதல் படிக்கும் மேடைக்கும் நடுவே கம்பிவலை மூடிய வடிகால் தேவை. அது இல்லாத அரங்கு செப்டம்பர், அக்டோபர் மழையில் குளமாகிவிடும்.

பார்வையாளர் வடக்கு நோக்கி உட்காருவது நல்லது. மேற்கே பார்த்தால் ஐந்து மணி வெயில் அவர்கள் கண்ணில் அடிக்கும், கிழக்கே பார்த்தால் நடிகர் கண்ணில். கடைசிப் படி மேடையிலிருந்து 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் முகபாவம் தெரியாது. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மேடைக்குப் பின்னால் உறுதியான சுவர் இருந்தால் குரலைத் திருப்பி அனுப்பும். துணித்திரை அதைச் செய்யாது. தெருக்கூத்துக்கு உயர்ந்த மேடையே வேண்டாம், மூன்று பக்கமும் ஜனம் சூழ்ந்த தரைதான் சரி. விடிய விடிய ஆடும் வழக்கம் மட்டும் இங்கே நடக்காது: இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை.

நிகழ்ச்சி இல்லாத நாளிலும் கேட்டைத் திறந்தே வைக்க வேண்டும். தண்ணீர் வரும் கழிப்பறை, படிகளில் மங்கலான விளக்கு, மேற்குப் பக்கம் இரண்டு புங்கமரம் இருந்தால் படிக்கிற பிள்ளைகளும் ஒத்திகைக்காரர்களும் தாமாகவே வந்து உட்காருவார்கள்.