கோரைக் கணக்கு

மார்ச் 2

கொல்லைக் கதவுக்கு வெளியே இருக்கும் துண்டு நிலத்தை இன்று அளந்தேன். பத்தடிக்குப் பதினைந்தடி. மூன்று வருடங்களாக யாரும் கால் வைக்காத இடம். முன்வரிசையில் உன்னிச்செடியும் நாயுருவியும் நிற்கின்றன. அவற்றின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கோரை. மூலையில் ஒரு கொடி எதன் மேலோ ஏறிக் குடை போலக் கவிந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

“தம்பி, மொத்தத்தையும் வெட்டித் தீ வைத்துவிடு” என்றாள் அக்கா. எனக்கு மனமில்லை. தீயில் மேலே இருக்கும் தாள்தான் கருகும். கோரையின் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது.

மார்ச் 8

உன்னியை வேரோடு பெயர்த்தாயிற்று. நாயுருவிக் கதிர்களை முற்றி உதிர்வதற்கு முன்பே அறுத்துத் தனிச் சாக்கில் கட்டினேன். விதை பிடித்த எதையும் உரக்குழியில் போடப்போவதில்லை. குழி நன்றாகச் சூடேறாவிட்டால் அந்த விதையெல்லாம் உயிரோடு திரும்பிவரும்.

கொடியைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே ஓர் எலுமிச்சை! கை நடுங்கிவிட்டது. உடனே கொடியை இழுத்திருந்தால் எலுமிச்சையின் சிம்புகளும் சேர்ந்து முறிந்திருக்கும். கொடியின் அடியை மட்டும் அறுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் காயட்டும்.

மார்ச் 15

காய்ந்த கொடி நூல் நூலாகக் கழன்று வந்தது. மரத்தைப் பார்த்தபோது மகிழ்ச்சி பாதியாயிற்று. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டுக்கட்டிய தழும்பு தடித்துத் தெரிகிறது. தழும்புக்குக் கீழிருந்து கிளம்பிய நான்கு தடித்த கிளைகள்தான் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கின்றன. அவற்றில் விரல் நீள முள், இலையும் வேறு மாதிரி. தழும்புக்கு மேலே, நாம் விரும்பி வைத்த எலுமிச்சையில் மிச்சம் ஒரே ஒரு கிளை. வேருக்காக மட்டும் வைத்த அடிச்செடி, மேலே ஒட்டியதற்குப் போகவேண்டிய சத்தையெல்லாம் தானே உண்டுகொண்டிருந்திருக்கிறது.

மூன்று கிளைகளை அடியோடு ஒட்ட அறுத்தேன். விரல் கனத்தில் இருந்த இளந்துளிர்களை வெட்டாமல் கையால் பிய்த்தெடுத்தேன். வெட்டினால் அடியில் இருக்கும் மொட்டுகள் தங்கிவிடும், பிய்த்தால் அவையும் சேர்ந்து வந்துவிடும்.

நான்காவது கிளையில் அரிவாளை வைக்கும்போதுதான் இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று நகர்ந்தது. பட்டாம்பூச்சிப் புழு. எண்ணிப் பார்த்தால் ஐந்து. குச்சியால் மெல்லத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டை நீட்டியது, கூடவே ஒரு நெடி. அந்தக் கிளையை விட்டுவைத்தேன். நல்ல கிளைக்கு இதனால் இழப்புதான், தெரிந்தேதான் விட்டேன்.

மார்ச் 23

கோரையை மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். மாலைக்குள் நிலம் வெறுமையாகக் கிடந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, “இப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் வெளிச்சம் வருகிறது” என்றாள்.

ஏப்ரல் 5

கயிறு கட்டி ஒரு மீட்டர் சதுரத்தில் எண்ணினேன். 58 முளைகள். கொத்துவதற்கு முன்பு இவ்வளவு இருந்ததாக நினைவில்லை.

காரணம் என் மண்வெட்டிதான். கோரைக்கிழங்குகள் மெல்லிய நூல் போன்ற தண்டால் மணிமாலை மாதிரி கோத்துக் கிடப்பவை. மாலை முழுதாக இருக்கும் வரை சில கிழங்குகள் முளைக்கும், மற்றவை உறங்கும். நூலை அறுத்தால் உறங்கியவையும் தனித்தனியே விழித்துக்கொள்ளும். நான் பதினைந்தடி நீளத்துக்கும் நூல் அறுத்திருக்கிறேன்.

தோட்டத்தின் ஓர் ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தாளையும் விரித்துப் பார்த்தேன். ஊசி முனை போன்ற முளை அதையும் குத்திக்கொண்டு வெளியே வந்து நிற்கிறது.

ஏப்ரல் 6

முந்தின இரவே நீர் விட்டு ஊறவைத்தேன். ஈர மண்ணில் சிறு கடப்பாரையைச் சாய்வாக இறக்கி நெம்பி, ஒரு முளையைப் பிடித்து நூலைத் தொடர்ந்து போனேன். முதல் கிழங்கு நான்கு விரல் ஆழத்தில். அங்கிருந்து பக்கவாட்டில் இரண்டு, அதற்கும் கீழே ஒன்று. கறுத்த தோல், உடைத்தால் உள்ளே வெண்மை, மூக்கில் ஏறும் ஒரு வாசனை. ஒரு மாலையை அறுபடாமல் எடுத்துவிட்டால் வரும் நிறைவைச் சொல்லத் தெரியவில்லை. காலை முழுக்க உட்கார்ந்து முடித்தது இரண்டு சதுர மீட்டர்தான்.

எடுத்த கிழங்குகளைத் தகரத்தில் பரப்பி வெயிலில் போட்டிருக்கிறேன். சுக்காகக் காயும் வரை அவற்றை எங்கும் கொட்டமாட்டேன்.

ஏப்ரல் 20

அதே சதுரத்தில் 31.

கோரைக்கு வெயில் வேண்டும், நிழல் ஆகாது. தோண்டி முடித்த பகுதியில் தட்டைப்பயறை நெருக்கமாகத் தூவினேன். இலை மூடினால் தரைக்கு வெளிச்சம் போகாது. வேரில் தங்கும் நுண்ணுயிர்களால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

புழுக்களில் ஒன்றைக் காணவில்லை. மீதி நான்கும் பச்சையாகி, கொழுத்து, எங்கோ நகர்ந்துவிட்டன. ஒரு கூட்டை மட்டும் மதில் ஓரத்துக் குச்சியில் கண்டேன், காலியாக இருந்தது. நான்காவது கிளையை இன்று அறுத்துவிட்டேன்.

மே 11

தட்டைப்பயறு ஒன்றோடொன்று கைகோத்து நிற்கிறது. ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. நுண்ணுயிர்களின் வேலை நடக்கிறது. சதுரத்துக்குள் கோரை 12. நிழலில் வெளிறி, ஒல்லியாக வளர்கிறது.

ஜூன் 1

எலுமிச்சையின் ஒற்றைக் கிளையில் மூன்று இடங்களில் புதுத்தளிர். அத்தனையும் தழும்புக்கு மேலே. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பயறு பூவெடுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் அறுத்து அப்படியே தரையில் பரப்பவேண்டும். மண்ணைப் புரட்டப்போவதில்லை.

கோரை 9. ஐந்தை நூலோடு எடுத்தேன். நான்கு அறுந்துவிட்டன, அந்த இடங்களில் குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.