பூட்டிய வீட்டில் ஒரு பழைய போன்: டெர்மக்ஸில் எஸ்எஸ்ஹெச் சர்வர்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பல வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது பேரேடு (கணக்குப் புத்தகம்), இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தச் சீட்டு), பழைய புகைப்படம் என்று எல்லாவற்றையும் யாராவது போனில் படமெடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, பேரேட்டின் பொடி எழுத்து படிக்க முடியாமல் போய்விடும். அதற்குப் பதில், அந்த ஆண்ட்ராய்டு போனை வீட்டிலேயே விட்டுவிட்டு, சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ எஸ்எஸ்ஹெச் (வேறொரு கருவிக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக அதற்குள் நுழைந்து முழு அளவுக் கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். ரூட் (போனின் முழு நிர்வாக உரிமை) தேவையில்லை. நிறுவுவது சிறிய வேலை. ஆளில்லாத வீட்டில் அதை அணையாமல் ஓடவைப்பதில்தான் கவனம் வேண்டும்.

ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலியான டெர்மக்ஸை, எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து இறக்குங்கள். பின்னால் தேவைப்படும் டெர்மக்ஸ் பூட் செயலியையும் அங்கிருந்தே எடுங்கள். வேறு வேறு இடத்தில் இறக்கினால் கையொப்பம் பொருந்தாமல் நிறுவவே முடியாது. கீழே கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ‘பிகேஜி அப்கிரேட்’ (pkg upgrade), அடுத்து ‘பிகேஜி இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்ஹெச்’. ‘பாஸ்டபிள்யூடி’ (passwd) என்று கொடுத்துக் கடவுச்சொல் வையுங்கள். ‘எஸ்எஸ்ஹெச்டி’ என்று தட்டினால் சர்வர் ஓடத் தொடங்கும், எந்தச் செய்தியும் வராது. போர்ட் (இணைப்பு நுழையும் கதவின் எண்) வழக்கமான 22 அல்ல, 8022. ரூட் இல்லாத செயலி 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க ஆண்ட்ராய்டு விடாது. பயனர்பெயரை ‘ஹூஆம்ஐ’ (whoami) சொல்லும். போனில் உள்ள படங்களை எட்ட ‘டெர்மக்ஸ்-செட்அப்-ஸ்டோரேஜ்’ கொடுத்து அனுமதியை ஏற்க வேண்டும்.

கடவுச்சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணினியில் ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென்’ கொண்டு ஈடி25519 வகைச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் கோப்பு ஜோடி) உருவாக்கி, ‘எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி’ மூலம் பொதுச்சாவியைப் போனுக்கு அனுப்புங்கள். விண்டோஸில் அந்தக் கட்டளை கிடையாது. பொதுச்சாவியின் ஒற்றை வரியைப் போனில் ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ கோப்பில் ஒட்டினால் போதும். கோப்புக்கு 600, அதன் கோப்புறைக்கு 700 அனுமதி (உரிமையாளர் மட்டுமே தொட முடியும் என்று பொருள்). சாவியால் நுழைய முடிகிறது என்று சோதித்த பிறகே ‘எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்’ கோப்பில் ‘பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன்’ வரியை ‘நோ’ ஆக்குங்கள். மாற்றம் செல்லுபடியாக ‘பிகில் எஸ்எஸ்ஹெச்டி’ (pkill sshd) கொடுத்து நிறுத்தி, ‘எஸ்எஸ்ஹெச்டி’ என்று மறுபடி தொடங்க வேண்டும். இதைப் போனின் திரையிலேயே செய்யுங்கள். வெளியூரிலிருந்து செய்தால் உங்கள் இணைப்பும் சேர்ந்து அறுந்துவிடும், திரும்பத் தொடங்கிவைக்க அங்கே ஆள் இருக்காது.

சர்வரைக் கொல்வது பெரும்பாலும் ஆண்ட்ராய்டின் பேட்டரிச் சிக்கனம்தான். போன் தூங்காமல் தடுக்கும் ‘டெர்மக்ஸ்-வேக்-லாக்’ கொடுங்கள், அமைப்புகளில் டெர்மக்ஸுக்கு பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். சில போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று தனி அனுமதியும் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் செயலிகளின் துணைச் செயல்முறைகள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் சிலவற்றைக் கொன்றுவிடும்; ‘சிக்னல் 9’ என்று திரையில் வந்தால் காரணம் அநேகமாக இதுதான். ஆண்ட்ராய்டு 14-இல் டெவலப்பர் ஆப்ஷனிலேயே இந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம்.

போன் மறுதொடக்கம் ஆனாலும் சர்வர் தானாக எழ டெர்மக்ஸ் பூட் வேண்டும். நிறுவியதும் ஒருமுறை திறந்துவிட்டு, ‘.டெர்மக்ஸ்/பூட்’ கோப்புறையில் வேக்-லாக், எஸ்எஸ்ஹெச்டி இரண்டையும் கொண்ட சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று: திரையை ரகசிய எண்ணால் (PIN) பூட்டியிருந்தால், மறுதொடக்கம் ஆனதும் யாராவது அந்த எண்ணை அடிக்கும்வரை இந்த ஸ்கிரிப்ட் ஓடாது. பூட்டிய வீட்டில் யார் அடிப்பது? அந்தப் போனில் ரகசிய எண் வைக்காதீர்கள். அதனாலேயே வங்கிச் செயலி, சொந்த மின்னஞ்சல், ஓடிபி வரும் சிம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. மின்சாரம் போனால் போன் தன் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், ரவுட்டர் பிடிக்காது. ரவுட்டரை இன்வர்ட்டரில் மாட்டுங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால் மின்சாரம் வந்தாலும் பெரும்பாலான போன்கள் தாமாக எழாது, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பவர் பட்டனைக் காட்டிவையுங்கள்.

ரவுட்டர் முகப்பில் (வீட்டின் முன்பகுதி), போன் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் என்றால் நம் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எட்டாது. 2.4-இல் இணையுங்கள், அல்லது இரண்டையும் ஒரே அறையில் வையுங்கள்.

வெளியூரிலிருந்து எட்டுவதற்கு ரவுட்டரில் போர்ட் திறந்துவிடும் பழைய வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். பல இணைப்புகளில் பொது ஐபி முகவரியே (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய எண்) கிடைக்காது. கிடைத்தாலும் உலகமே கதவைத் தட்டும். உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் விபிஎன் செயலியான டெயில்ஸ்கேலைப் போனிலும் கணினியிலும் நிறுவி ஒரே கணக்கில் இணைத்தால், 100 என்று தொடங்கும் நிலையான முகவரி ஒன்று போனுக்குக் கிடைக்கும். போனின் விபிஎன் அமைப்பில் ‘எப்போதும் இயங்கு’ என்பதைப் போட்டுவிடுங்கள். டெயில்ஸ்கேலின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். அடுத்த படைப்புவரை யாரும் போகாத வீட்டில் இது பெரிய தொல்லை. டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்தப் போனுக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவையுங்கள்.

நுழைய முடியாவிட்டால் பிழைச்செய்தியைப் படியுங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் போன் இருக்கிறது, எஸ்எஸ்ஹெச்டி ஓடவில்லை, அல்லது 8022 கொடுக்க மறந்தீர்கள். ‘டைம்டு அவுட்’ என்றால் போனையே எட்டவில்லை: மின்சாரம், வைஃபை, டெயில்ஸ்கேல் என்ற வரிசையில் பாருங்கள். ‘பர்மிஷன் டினைடு’ என்றால் சாவியில் கோளாறு.

போர்ட் எண்ணுக்கு எஸ்எஸ்ஹெச்சில் சிறிய ‘பி’ (-p), கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபியில் பெரிய ‘பி’ (-P). எஸ்சிபியில் சிறிய ‘பி’ என்பது கோப்பின் தேதியைக் காக்கும் வேறொரு தெரிவு. 8022-ஐக் கோப்பின் பெயர் என்று எண்ணி அது தேடும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவி நல்லது, இரு பக்கமும் நிறுவியிருக்க வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்தால் திரும்ப அதே கட்டளையைக் கொடுங்கள். முழுதாக வந்துசேர்ந்த படங்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் கொண்டுவரும்.